கஞ்சி நீட்டியவர்களின் சரித்திரம்

மணவூரில் கடல் கிடையாது. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில், செஞ்சி பனம்பாக்கத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில், மின்சார ரயில் மட்டும் நின்று பெருமூச்சு விட்டுப் போகும் ஊர் இது. பக்கத்தில் கொசஸ்தலை ஆறு இருக்கிறது. ஆறு இருக்கிறது என்றால் ஆறு இருக்கிறது என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்குக் கடல் நீச்சலைப் பற்றிப் பேச என்ன அருகதை என்று கேட்பவர்கள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி விசாரிக்கலாம்.

அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர். அங்கே கிடைத்த 31 செப்பேடுகளில், ராஜேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் வென்ற பெருமை பொறித்திருக்கிறது. அலைச் சத்தம்கூடக் கேட்காத ஊரில் கடல் கடந்த கதைக்கு ஆதாரம்! ஆனால் எத்தனை தடவை புரட்டினாலும் அந்த ஏடுகளில் ஒரு ஆளைக் காணவில்லை. கப்பலில் துடுப்புப் போட்டவன், சமையல் செய்தவன், கடல் நோயில் சுருண்டு கிடந்த சேனாபதிக்கு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தவன், ஒருவன் பெயரும் இல்லை. செம்பு விலை அப்படி.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை. கடலை நீந்திக் கடந்தவருக்கு மாலை, விருது, பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. அவர் கூடவே படகில் உட்கார்ந்து, ராத்திரி முழுக்கக் கண் விழித்து, அரை மணிக்கு ஒரு தரம் கஞ்சி நீட்டியவருக்கு வாந்தி மட்டும்தான் மிச்சம். ஆகவே இந்தச் சரித்திரத்தைப் படகு பக்கமிருந்து ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். எங்கள் பகுதிக்கு அதற்கான உரிமை உண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி சரவணப் பொய்கையில் முருகப்பெருமானே தெப்பத்தில் உட்கார்ந்துதான் சுற்றி வருகிறார். நீந்துவதில்லை. எங்கள் குலதெய்வம் படகுக் கட்சி.

முதலில் இதிகாச காலம். இலங்கைக்குப் போகும் அந்த நீரைத் தாண்ட வேண்டும். வானரப் படை கரையில் நின்று, என்னால் இத்தனை யோசனை தூரம் முடியும், உன்னால் எத்தனை முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. மூலையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் பலம் அவருக்கே மறந்துபோகும்படி ஒரு சாபம். ஜாம்பவான் அவரிடம் போய், நீ யார் தெரியுமா, உன் அப்பா யார் தெரியுமா என்று எடுத்துவிட, அனுமார் விசுவரூபம் எடுக்கிறார். உலகின் முதல் நீச்சல் பயிற்சியாளர் ஜாம்பவான்தான். இன்றைய பயிற்சியாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். கட்டணம் மட்டும் பிற்சேர்க்கை.

பாதி வழியில் மைநாக மலை கடலுக்குள்ளிருந்து எழும்பி, கொஞ்சம் இளைப்பாறிப் போ, கிழங்கு இருக்கிறது, பழம் இருக்கிறது என்று உபசரிக்கிறது. இதுதான் சரித்திரத்தின் முதல் துணைப்படகு. அனுமார் நேரமில்லை என்று சொல்லி, மரியாதைக்காகக் கையால் மலையைத் தொட்டுவிட்டுக் கிளம்புகிறார் என்கிறார் வால்மீகி. அங்கேதான் வம்பு. இன்றைய கடல் நீச்சல் விதியில் துணைப்படகை விரலால் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. மரியாதைக்குத் தொட்டேன் என்பதெல்லாம் செல்லாது. நல்ல வேளை, மைநாகத்தின் மேல் நடுவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தவிர, அவர் நீந்தவில்லை, பறந்தார். வழக்கு வேறு சங்கத்துக்குப் போக வேண்டும்.

அடுத்தது நம் ஊர்க் கதை, பெரியபுராணத்தில் இருப்பது. திருநாவுக்கரசர் சமயம் மாறியதால் பல்லவ மன்னனுக்குக் கோபம். அவரை அவன் தயார்ப்படுத்திய முறையை ஒரு பயிற்சித் திட்டமாகப் படித்துப் பாருங்கள். முதலில் ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் பூட்டி வைத்தான்: வெப்பப் பயிற்சி. அடுத்து நஞ்சு கலந்த பாற்சோறு: உணவுப் பயிற்சி. பிறகு பட்டத்து யானையை ஏவினான்: மன உறுதிப் பயிற்சி. மூன்றிலும் தேறியவரைக் கல்லோடு கட்டிக் கடலில் இறக்கினார்கள். நீச்சல்காரர் கரை சேரக் கூடாது என்று மனப்பூர்வமாக உழைத்த ஒரே துணைக்குழு, எனக்குத் தெரிந்து, அந்தப் பல்லவ அரண்மனைக் குழுதான். அவர் பதிகம் பாடினார், கல் மிதந்தது, கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். அவர் ஏறிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர் வைத்து இன்றுவரை வழங்கிவருகிறார்கள். மிதவை உபயோகித்தார் என்று எந்தச் சங்கமாவது ஆட்சேபித்தால், மிதவை கல்லில் செய்தது என்பதையும் குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும்.

கிரேக்கர்களிடமும் ஒரு கதை உண்டு. லியாண்டர் என்ற இளைஞன் ஒவ்வொரு ராத்திரியும் டார்டனெல்ஸ் நீரிணையை நீந்தி, ஹீரோ என்ற காதலியைப் பார்க்கப் போவான். அவள் கோபுரத்தில் விளக்கேற்றி வைப்பாள். ஒரு புயல் ராத்திரியில் விளக்கு அணைந்தது. அவன் மூழ்கிப் போனான். காதல் காவியம் என்று உலகம் உருகுகிறது. படகுக் கட்சியின் பார்வையில் இது கவனக்குறைவு வழக்கு. மாற்று விளக்கு எங்கே? 1810-இல் பைரன் என்ற ஆங்கிலக் கவிஞர் அதே நீரிணையை நீந்திப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. லியாண்டராவது காதலுக்காக நீந்தினான்; தனக்குக் குளிர் காய்ச்சல்தான் மிச்சம் என்று அதைப் பற்றியும் கவிதை எழுதினார். கவிஞர்கள் எதையும் வீணாக்குவதில்லை.

சரியான கணக்கு வழக்கோடு சரித்திரம் ஆரம்பிப்பது 1875-இல், இங்கிலீஷ் கால்வாயில். அந்த வருஷம் மே மாதம் பால் பாய்ட்டன் என்ற அமெரிக்கர், காற்று ஊதிய ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, கையில் துடுப்போடு மல்லாந்து படுத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஊரே கொண்டாடியது. கப்பல் கேப்டன் மேத்யூ வெப்புக்குப் பொறுக்கவில்லை. ஆகஸ்டில், எந்தச் சாதனமும் இல்லாமல், உடம்பெல்லாம் கடற்பன்றி எண்ணெய் பூசிக்கொண்டு டோவரில் குதித்தார். 21 மணி 45 நிமிடம். நேராகப் போனால் 33 கிலோமீட்டர். நீரோட்டம் அங்குமிங்கும் இழுத்ததில் ஏறத்தாழ இருமடங்கு நீந்தினார். வழியில் ஜெல்லி மீன் கொட்டியது.

சரித்திரம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. நமக்கு வேண்டியது அந்தப் படகில் என்ன இருந்தது என்பது. பிராந்தி இருந்தது. காப்பி இருந்தது. மாட்டிறைச்சிக் கஷாயம், மீன் எண்ணெய், பீர் எல்லாம் இருந்தன. இதையெல்லாம் 21 மணி நேரம் ஒரு மனிதரின் வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அதற்குப் பிறகும் அவர் நீந்தினார் என்றால், கால்வாயைவிடப் பெரிய தடையை அவர் தாண்டியிருக்கிறார். ஜெல்லி மீன் கொட்டியதற்கு அன்றைய முதலுதவியும் அதே பிராந்திதான், உள்ளுக்கு. நம் ஊர்ப் பாட்டி யாராவது அந்தப் படகில் இருந்திருந்தால் நொய்க்கஞ்சியும் உப்புப் போட்ட மோரும் கொடுத்து, ஒரு மணி நேரம் முன்னாலேயே கரை சேர்த்திருப்பாள்.

வெப் வீரர்தான், சந்தேகமில்லை. ஆனால் புகழ் வந்த பிறகு எதில் குதிக்கலாம், எதில் கூடாது என்று கையைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் போயிற்று. 1883-இல் நயாகரா அருவிக்குக் கீழே சுழலில் நீந்திக் காட்டுகிறேன் என்று இறங்கினார். திரும்பவில்லை. துணைக்குழுவின் முதல் வேலை கஞ்சி கொடுப்பதல்ல, வேண்டாம் என்று சொல்வது.

வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதவர் ஒருவர் பின்னால் வந்தார். ஜாபெஸ் வுல்ஃப், ஸ்காட்லாந்துக்காரர். கால்வாயில் இருபது தடவைக்கு மேல் இறங்கினார். ஒரு தடவைகூட அக்கரை சேரவில்லை. ஒரு முறை கரை கைக்கெட்டும் தூரத்தில் நீரோட்டம் திருப்பி அனுப்பியது. அவருடைய படகில் ஒரு பேக்பைப் வாத்தியக்காரரை வைத்துக்கொண்டார், தாளத்துக்குக் கை போட. அந்த வாத்தியம் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும்: கரைக்குப் போகச் சொல்கிறதா, எங்கேயாவது போய்விடச் சொல்கிறதா என்று பிரித்தறிவது கஷ்டம். திருத்தணிப் பக்கத்து நாதஸ்வர செட் ஒன்றை ஏற்றியிருந்தால் பிரான்ஸ் வரை மல்லாரியிலேயே போயிருப்பார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் சீவாளி உப்புக்காற்றில் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்படித் தொடர்ந்து தோற்ற வுல்ஃபை, உலகம் அடுத்து என்ன செய்தது? பயிற்சியாளராக்கியது. 1925-இல் கெர்ட்ரூட் எடர்லி என்ற அமெரிக்கப் பெண் அவரிடம் வந்தாள். முந்தின வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவள். இருவருக்கும் ஆகவில்லை. கால்வாயில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நீந்தியபின், அவள் மூழ்குகிறாள் என்று வுல்ஃப் முடிவு செய்து, கூட வந்த இன்னொரு நீச்சல்காரரை விட்டு அவளைப் பிடித்துத் தூக்கச் சொன்னார். தொட்டதும் ஆட்டம் முடிந்தது. நான் முகத்தைத் தண்ணீரில் வைத்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தேன் என்று அவள் கொதித்தாள். இருபது தடவை தன்னால் முடியாததை இந்தப் பெண் ஒரே தடவையில் முடித்துவிடுவாளோ என்று பயந்து தூக்கினாரா, உண்மையிலேயே அக்கறையா என்று அன்றிலிருந்து பட்டிமன்றம் நடக்கிறது. தீர்ப்பு என்னிடம் இல்லை. ஆனால் படகுக் கட்சிக்கு ஒரு பாடம் கிடைத்தது: நீந்துபவரின் மேல் பொறாமை உள்ளவரைப் படகில் ஏற்றாதே.

அடுத்த வருஷம் அவள் பயிற்சியாளரை மாற்றினாள். அப்பாவையும் அக்காவையும் படகில் ஏற்றினாள். கரை சேர்ந்தால் சிவப்பு நிறக் கார் வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கண்ணாடி விளிம்பில் தண்ணீர் புகாமல் இருக்க மெழுகுவர்த்தியை உருக்கி ஒட்டினார்கள். உடம்பெல்லாம் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பும் ஆலிவ் எண்ணெயும். 1926 ஆகஸ்ட் 6. நடுவில் கடல் கொந்தளித்தது. தூக்கிவிடலாம் என்று படகில் பேச்சு எழுந்தது. அவள் சம்மதிக்கவில்லை, அப்பாவும் சம்மதிக்கவில்லை. சும்மா இருக்கவும் முடியாமல் படகில் இருந்தவர்கள் பாட்டுப் பாடினார்கள். பதினாலரை மணி நேரத்தில் கரையேறினாள். அதுவரை நீந்திய ஆண்கள் அத்தனை பேரையும்விட சுமார் இரண்டு மணி நேரம் குறைவு. கப்பல் அதிகாரிகள், பத்திரிகை ஆசிரியர்கள், பெண்களால் ஆகாது என்று எழுதிவைத்திருந்த அறிஞர்கள் எல்லாரும் ஒரு வாரம் வேறு விஷயங்களைப் பற்றி எழுதினார்கள்.

படகில் யாருமே ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1927-ஐப் பார்க்க வேண்டும். டோரதி லோகன் என்ற லண்டன் டாக்டரம்மா, பதின்மூன்று மணி நேரத்தில் கால்வாயைக் கடந்தேன் என்று அறிவித்து, ஒரு பத்திரிகையின் ஆயிரம் பவுண்டு பரிசையும் வாங்கினார். சில நாட்களில் அவரே சொல்லிவிட்டார்: பெரும்பாலான தூரம் படகில்தான் வந்தேன், எவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்று காட்டத்தான் செய்தேன். காசைத் திருப்பிக் கொடுத்தார். பொய்ச் சத்தியத்துக்கு அபராதமும் கட்டினார். பாவம், அதே மாதம் நிஜமாகவே நீந்திக் கடந்திருந்த மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண்மேலும் சந்தேகம் விழுந்தது. தன்னை நிரூபிக்க அவர் குளிர்ந்த அக்டோபர் கடலில் மறுபடி இறங்கினார். பத்து மணி நேரத்துக்குப் பிறகு தூக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் கட்டிக்கொண்டு போன ரோலெக்ஸ் கைக்கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடியது. கம்பெனி அதை வைத்துப் பெரிய விளம்பரம் செய்துகொண்டது. அந்த வருஷம்தான் கால்வாய் நீச்சல் சங்கம் பிறந்தது. படகில் ஒரு பார்வையாளர் உட்கார்ந்து நேரம், உணவு, கைவீச்சு எல்லாம் எழுதிவைக்கும் முறை வந்தது. ஒரு டாக்டரம்மாவின் பொய்யால்தான் படகில் இருப்பவனுக்கு முதல்முறையாகப் பேனா கிடைத்தது.

இப்போது நம் கடலுக்கு வருவோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இதைக் கடக்க நீச்சல் தேவைப்படவில்லை, டிக்கெட் போதும். எழும்பூரில் போட் மெயில் ஏறி, பாம்பன் பாலம் தாண்டி, தனுஷ்கோடியில் கப்பலேறினால் தலைமன்னார். அங்கே மறுபடி ரயிலேறினால் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை ரயிலோடும் ஸ்டேஷனோடும் வாரிக்கொண்டு போனது.

அதற்கும் பத்து வருஷம் முன்பே ஒருவர் டிக்கெட் எடுக்காமல் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இறங்கி, சுமார் 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் ஆள் அவர். அந்தக் கரைக்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று அமெரிக்கா வரை போயிருக்கிறது. அண்ணை, பாய்க்கப்பலிலை வந்தால் கெதியா வந்திருக்கலாமே என்று யாராவது கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

1966-இல் வந்தார் மிஹிர் சென். வங்காளி, லண்டனில் சட்டம் படித்தவர், இங்கிலீஷ் கால்வாயை 1958-இலேயே கடந்த முதல் இந்தியர். ஐந்து கண்டங்களின் கடல்களை ஒரே வருஷத்தில் நீந்துவேன் என்று கிளம்பினார். கையில் காசில்லை. கடைசியில் இந்திரா காந்தி தலையிட, இந்தியக் கடற்படை துணைக்கு வந்தது. சுகன்யா, சாரதா என்று இரண்டு கப்பல்கள். காட்சியை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு வக்கீல், அரைநிர்வாணமாக, மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வேகத்தில் போகிறார். பின்னால் இரண்டு போர்க்கப்பல்கள் அதே வேகத்தில் ஊர்கின்றன. கடல் பாம்பு, சுறா, எதிர்நீரோட்டம் எல்லாம் தாண்டி 25 மணி 36 நிமிடம். எதிரியைத் துரத்தப் பழகிய மாலுமிகள் ஒரு ராத்திரி ஒரு பகல் முழுக்க, முந்திவிடாமல் இருப்பது எப்படி என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 6-ஆம் தேதி அவர் தனுஷ்கோடியில் காலை ஊன்றியபோது அங்கே ஸ்டேஷன் இல்லை, ரயில் இல்லை. அதே வருஷம் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். லியாண்டர் மூழ்கிய நீரிணையையும்தான். யாரோ விளக்கை ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்கள்.

நீந்தி வந்தால் போதுமா, திரும்பிப் போக வேண்டாமா என்று கேட்டவர் வல்வெட்டித்துறை ஆனந்தன். ஆழிக்குமரன் என்று பட்டமே கொடுத்தார்கள். 1971-இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து, திரும்பி அதே கடலில் இறங்கி, மன்னார் போய்ச் சேர்ந்தார். மொத்தம் 51 மணி நேரம். சாதனை அவருடையது, ஆனால் படகில் இருந்தவர்களும் அதே 51 மணி நேரம் தூங்காமல்தானே இருந்தார்கள்? இவரோடு சிநேகம் வைத்துக்கொள்வதே உடலுழைப்பு. 128 மணி நேரம் ட்விஸ்ட் நடனம் ஆடினார். 187 மணி நேரம் சைக்கிள் ஓட்டினார். 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒருவர் நாற்காலி போட்டு, கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்து எண்ணியாக வேண்டும். ஒற்றைக் காலில் நின்றவர் பெயர் கின்னஸில் ஏறியது. கொட்டாவி விடாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர் பெயர் எங்கும் இல்லை. 1984 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, இங்கிலீஷ் கால்வாயை நீந்தும்போது ஆனந்தன் இறந்துபோனார். நாற்பத்தொரு வயது. கிண்டல் செய்ய முடியாத இடம் அது.

ஆனந்தன் போய்த் திரும்பிய காலத்தில் அந்தக் கடலில் கோடு கிடையாது. 1974-இலும் 1976-இலும் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து தண்ணீரில் கோடு போட்டன. அதன் பிறகு அந்தக் கோட்டுக்கு இரண்டு விதமான மரியாதை. காகிதமெல்லாம் முடித்துக்கொண்டு நீந்திக் கடப்பவருக்கு, அந்தப் பக்கம் இலங்கைக் கடற்படை, இந்தப் பக்கம் நம் கடலோரக் காவல்படை, கரையில் சால்வை. மீன் போன வழியில் கடந்த ராமேஸ்வரம் மீனவருக்குச் சிறை, படகு பறிமுதல். வேடிக்கை என்னவென்றால், நீச்சல்காரருக்கு வழிகாட்டும் துணைப்படகை ஓட்டுவது பெரும்பாலும் அதே மீனவர்தான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அவர் அனுமதியோடு அந்தக் கடலைப் பார்க்கிறார்.

1994-இல் குற்றாலீசுவரன் வந்தான். பன்னிரண்டு வயது முடிந்த சென்னைப் பையன். அந்த ஒரே வருஷத்தில் பாக் நீரிணை, இங்கிலீஷ் கால்வாய் உட்பட ஆறு நீச்சல்கள். ஒரே வருஷத்தில் ஐந்து என்ற மிஹிர் சென்னின் சாதனை போயிற்று. பத்திரிகைகள் கொண்டாடின. அர்ஜுனா விருது வந்தது. காசு கொடுக்கும் புரவலர் மட்டும் தொடர்ந்து வரவில்லை. பையன் படிப்பைப் பார்த்துக்கொண்டு போனான். படகுச் செலவு, பயணச் செலவு, அனுமதிச் செலவு என்று இதில் எல்லாமே செலவு. கடல் மட்டும்தான் இலவசம். 2019-இல் தேனியிலிருந்து ஒரு பத்து வயதுப் பையன் கடந்தான். தேனியிலும் கடல் கிடையாது என்பதை மணவூர் சார்பில் பதிவு செய்கிறேன். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த ஜியா ராய், ஆட்டிசம் உள்ள பதின்மூன்று வயதுப் பெண், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் பதின்மூன்று மணி நேரத்தில் வந்தாள். அவள் அப்பா கடற்படைக்காரர். மகளுக்கு வார்த்தையால் சொல்ல முடியாததையெல்லாம் படகிலிருந்து சைகையால் சொல்லிக்கொண்டு வரும் அப்பாக்களுக்குத் தனியாக ஒரு விருது வைக்கலாம்.

சரி, மணவூர்க்காரர் ஒருவர் இதில் இறங்க ஆசைப்பட்டால் எங்கே ஆரம்பிப்பது? பம்புசெட்டுக் கிணற்றில். எங்கள் பக்கத்தில் நீச்சல் கற்றுக்கொடுக்கும் முறை மாமா முறை: முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, நீ எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமா தள்ளிவிடுவார். மேலே வந்தால் நீச்சல் வந்துவிட்டது. வராவிட்டால் கயிறு இருக்கிறது. உலகத் துணைக்குழு விதிகளின் சாரம் முழுக்க அந்தக் கயிற்றில் இருக்கிறது. தேவைப்படும்வரை இழுக்கக் கூடாது. தேவைப்பட்டால் யோசிக்கக் கூடாது.

கிணறு தாண்டி ஏரி, ஏரி தாண்டிக் கடல். பருவம் மார்ச், ஏப்ரல். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழும்புவதற்கு முந்தின இடைவெளி. முதல்நாள் ராமேஸ்வரத்தில் படகேறி அந்தக் கரைக்குப் போய், நள்ளிரவுக்கு மேல் இறங்குவதுதான் பெரும்பாலோர் வழக்கம். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் படகோட்டி சொல்வார். கைபேசியில் ஒரு செயலியும் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் படகோட்டியை நம்புங்கள். செயலிக்கு அந்தக் கடலில் வீடு வாசல் இல்லை.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் உப்புநீரில் உராய்ந்து புண்ணாகும். வாசலின் பூச வேண்டும். பூசுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வாசலின் கையோடு நீச்சல் கண்ணாடியைத் தொட்டுவிட்டால், நீந்துபவருக்கு ராமேஸ்வரம் வரை உலகம் பனிமூட்டம்தான். வழியெல்லாம் உங்களைத்தான் திட்டிக்கொண்டு வருவார், தண்ணீருக்குள் என்பதால் காதில் விழாது. படகு அவர் மூச்சு வாங்கும் பக்கமாக வர வேண்டும். டீசல் புகை அவர் மேல் போகக் கூடாது. கஞ்சியோ குளுக்கோஸ் தண்ணீரோ, பாட்டிலில் கயிறு கட்டி எறிய வேண்டும். அவர் மல்லாந்து குடித்துவிட்டு விடுவார். நீங்கள் சுருட்டிக்கொள்ள வேண்டும். உப்பில் நாக்கு தடித்திருக்கும், ருசி தெரியாது. ஆகவே கஞ்சி நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள்.

இன்னும் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்பார். உண்மையைச் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது, ஏனென்றால் கடைசி ஒரு கிலோமீட்டர் என்று நீங்கள் சொன்ன இடத்தில் நீவாடு மாறினால் அதே ஒரு கிலோமீட்டரை மூன்று மணி நேரம் நீந்த நேரும். ஜாபெஸ் வுல்ஃபைக் கேட்டால் தெரியும். அடுத்த கஞ்சி வரை நீந்து என்று மட்டும் சொல்லலாம். நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக்கொண்டே இருங்கள். அது சட்டென்று குறைந்தாலும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலும், சாதனையை மறந்துவிட்டுத் தூக்கிவிடுங்கள். வுல்ஃப் கெட்ட பெயர் வாங்கினார் என்று பயப்பட வேண்டாம். கெட்ட பெயர் வாங்கவும்தான் உங்களைப் படகில் ஏற்றியிருக்கிறார்கள்.

சொறி என்கிற ஜெல்லி மீன் கொட்டினால் உங்களால் செய்யக்கூடியது அதிகமில்லை. ராத்திரியில் நீச்சல் தொப்பியில் சின்ன விளக்கு இருக்கட்டும். மாற்று விளக்கும் இருக்கட்டும். நாதஸ்வரம் வேண்டாம். அரிச்சல்முனையில் கூட்டம் மாலையோடு ஓடிவரும்போது, அவர் முழுக்கத் தண்ணீரை விட்டு வெளியே வந்து நிற்கும்வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எம்எல்ஏவாக இருந்தாலும் சரி. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாந்தி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், மறந்துவிடாதீர்கள். அவருக்கல்ல, உங்களுக்கு.